சிவப்பு ரிப்பன் கட்டிய காய்கள்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. அங்கே நீயும் மச்சானும், நிறைமாசமாக இருக்கும் உன் மகளும், அவளுடைய மாமியாரும் குறையில்லாமல் இருக்க வேண்டும். நான் எப்படி இருக்கிறேன் என்று தனியாக எழுதப் போவதில்லை, படித்து முடிக்கும்போது உனக்கே தெரிந்துவிடும். இடுப்புப் பிடித்துக்கொண்டு நாலு நாள் ஆகிறது என்பதையும், முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன் என்பதையும் மட்டும் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ மகளின் பிரசவத்துக்குக் கிளம்பின அன்றைக்கு வாசலில் நின்று என்ன சொன்னாய்? "அண்ணே, ரெண்டு மாசம் நீங்களே இருந்து பாருங்க. இந்தத் தோட்டம் இருக்கட்டுமா, இல்ல சிமெண்ட் போட்டுக் காரை நிறுத்திக்கட்டுமான்னு நீங்க சொல்றதுதான் முடிவு. நானும் கேட்டுக்கிறேன், அவனும் கேட்டுக்குவான்" என்றாய். உன் மகனும் காரைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினான். ஆக, உன் பதினோரு வருஷத் தோட்டத்தின் தலையெழுத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் நான். இப்போது குடைகிறதே என்று யாரிடம் போய்ச் சொல்வது?

முதலில் உன்னுடைய குறிப்புகளைப் பற்றிப் பேச வேண்டும். நாலு பக்கம் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறாய், அதில் ஒரு எண் கூட இல்லை. "தண்ணி ஊத்தணும், ஆனா ரொம்ப ஊத்தக் கூடாது." ரொம்ப என்றால் எத்தனை லிட்டர்? "இலை லேசா துவண்ட மாதிரி இருந்தா நிழல் கட்டணும்." லேசாக என்றால் எத்தனை டிகிரி சாய்வு? "பறிக்கிற பதம் வந்தா காயைப் பார்த்தாலே தெரியும்." யாருக்குத் தெரியும்? நான் போல்ட் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் தரச் சோதனை பார்த்தவன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்ததால் அங்கே எனக்கு மில்லிமீட்டர் என்றே பேர் வைத்திருந்தார்கள். பார்த்தாலே தெரியும் என்று எவனாவது என் மேஜையில் எழுதி வைத்திருந்தால் அன்றைக்கே அவனை வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லியிருப்பேன். வேறு வழியில்லாமல் ஒரு அட்டையில் இரண்டு ஓட்டை வெட்டி வைத்துக்கொண்டேன். பெரிய ஓட்டையில் நுழையாத பீன்ஸ் முற்றல், சின்ன ஓட்டையில் நுழைந்துவிட்டால் பிஞ்சு. ஒவ்வொரு காயாக நுழைத்துப் பார்த்துக் கூடை நிறைப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். மதில் பக்கம் நின்று இதைப் பார்த்த பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சிரித்தாள். சிரிக்கட்டும். அளவு எடுத்துத் துணி வெட்டுகிறவளுக்கே அளவின் அருமை தெரியவில்லை என்றால் நான் என்ன செய்ய?

அடுத்தது தக்காளி. "இலைக்கும் தண்டுக்கும் நடுவுல வர்ற பக்கக் கிளையைக் கிள்ளிடணும்" என்று எழுதியிருந்தாய். கிள்ளினேன். கிள்ளக் கிள்ள வருகிறது, வரவரக் கிள்ளினேன், மூன்றாம் நாள் பார்த்தால் இரண்டு செடிக்குத் தலையே இல்லை, குச்சி மட்டும் மொட்டையாக நிற்கிறது. எது பக்கம், எது தலை என்று அந்தச் செடியே குழம்பித்தான் நின்றது, என்னைச் சொல்லிக் குற்றமில்லை. வெங்காயத்தைப் பிடுங்கிக் காற்றோட்டமான நிழலில் தொங்கவிடச் சொல்லியிருந்தாய். இந்த வீட்டில் காற்று வருகிற ஒரே அறை உன் மகனுடையது, அங்கே துணிக் கொடியில் நாற்பது கொத்தையும் வரிசையாகக் கட்டினேன். இரண்டு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து வந்தவன், "மாமா, லிஃப்ட்ல எல்லாரும் என்னை விட்டுத் தள்ளி நிக்கிறாங்க" என்றான். நிற்கட்டும், இடம் தாராளமாகக் கிடைக்கும் என்றேன். அவனுக்கு இந்தத் தோட்டத்தைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். வெள்ளரிக்கும் பூசணிக்கும் வித்தியாசம் கேட்டால் செல்போனைப் பார்த்துச் சொல்கிற பிள்ளையைப் பெற்று வைத்திருக்கிறாய்.

வெள்ளரியைப் பற்றித் தனியாகத்தான் புலம்ப வேண்டும். நட்டவர்களுக்குப் பைத்தியமா, இல்லை கொடிக்கே பைத்தியமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இருப்பது மூன்று கொடி, ஒரு நாளைக்குப் பதினைந்து காய். இலைக்கு அடியில் ஒளிந்துகொண்டு ஒன்று தப்பித்துவிட்டால் மறுநாள் உலக்கை போலக் கிடக்கிறது. காலையில் வெள்ளரி, மத்தியானம் வெள்ளரி, இரண்டுக்கும் நடுவில் தாகம் எடுத்தால் வெள்ளரி. தாங்க முடியாமல் ஒரு பையில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுப் பல் டாக்டரிடம் போனேன். முதல் நாள் "அடடா, எதுக்குங்க சிரமம்" என்றார். இரண்டாம் நாள் சிரித்தார். மூன்றாம் நாள் ஜன்னல் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. நாலாம் நாள் நான் தெருவில் இறங்கியதும் அவர் காரை வேகமாகப் பின்னால் எடுத்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன். ஊருக்கெல்லாம் பல்லைப் பிடுங்குகிறவர், நாலு வெள்ளரிக்காய்க்குப் பயந்து ஓடுகிறார். இந்த லட்சணத்தில், "அக்கம்பக்கத்துல எல்லாரும் நம்ம காய்க்குக் காத்துக்கிட்டிருப்பாங்க" என்று எழுதியிருக்கிறாய். காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், நான் எப்போது வீட்டுக்குள் போவேன் என்று.

இதுவரை எழுதியதெல்லாம் ஒன்றுமில்லை. இனிமேல் எழுதப் போவதைப் படிக்கும்முன் எங்காவது உட்கார்ந்துகொள்.

போன வாரம் வேலியோரம் களை எடுக்கும்போது சில காய்களில் சிவப்பு ரிப்பன் கட்டியிருப்பதைப் பார்த்தேன். வெண்டைச் செடியில் ஐந்து காய், எல்லாம் முற்றிக் காய்ந்து விறகாகிவிட்டது. வெள்ளரியில் இரண்டு, பழுத்து மஞ்சளாகிப் பார்க்கவே சகிக்கவில்லை. தக்காளியில் ஒன்றே ஒன்று, கைக்குள் அடங்காத பெரிய பழம், தோல் வெடித்து, தொட்டால் கையோடு வரும் நிலையில் இருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. நாலு பக்கத்தில் ஒரு எண்ணைக் கூட எழுதத் தெரியாத என் தங்கை, இந்த ஒரு காரியத்தையாவது முறையாகச் செய்திருக்கிறாளே என்று மனசு குளிர்ந்தது. எங்கள் தொழிற்சாலையில் பச்சைச் சீட்டு கட்டினால் தேறியது, சிவப்புச் சீட்டு கட்டினால் கழித்தது. சிவப்பைப் பார்த்ததும் எடுத்துக் கழிவுத் தொட்டியில் போட வேண்டும், நல்லதோடு ஒரு நிமிஷம் கூடச் சேர்ந்திருக்கக் கூடாது. முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு சிவப்புச் சீட்டுச் சாமான் கூட என்னைத் தாண்டி வெளியே போனதில்லை. ரிப்பன் கட்டின எட்டையும் வெட்டினேன், நேராகக் கொண்டுபோய் எருக்குழியில் போட்டேன், மேலே இரண்டு கூடை சருகும் சாணமும் கொட்டி, மண்வெட்டியால் நன்றாகக் கிளறியும் விட்டேன். வேலை சுத்தமாக இருக்க வேண்டுமல்லவா?

மூன்று நாள் கழித்துத் தையல்காரம்மா மதில் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, அந்த ரிப்பன் கட்டின காயெல்லாம் எங்க?"

"கழித்தாகிவிட்டது."

"கழிச்சீங்களா? அண்ணே, அது விதைக்கு விட்ட காய். யாரும் தெரியாம பறிச்சிடக் கூடாதுன்னுதான் அக்கா என் கடையில வந்து ரிப்பன் வாங்கிக் கட்டினாங்க. வருஷா வருஷம் நல்ல காயாப் பார்த்து முத்த விட்டு விதை எடுப்பாங்க. பதினோரு வருஷமா வெளிய விதையே வாங்கினதில்ல."

அதோடு விட்டாளா? "இதைக் கூடவா சொல்லித் தரணும்? சிவப்புன்னா தொடாதேன்னுதானே அர்த்தம்?"

சொல், நாலு பக்கம் எழுதினவளுக்கு இதற்கு ஒரு வரி எழுத முடியவில்லையா? "ரிப்பன் கட்டியது விதைக்கு" என்று மூன்றே வார்த்தை. பதம், லேசா, மாதிரி என்று தாளை வீணாக்கத் தெரிந்தது. எனக்கு வந்த கோபத்தில் மண்வெட்டியைக் கூட எடுக்காமல் குழியில் இறங்கிவிட்டேன். மண்வெட்டி போட்டால் காய் நசுங்கும், கையால்தான் துழாவ வேண்டும். அறுபத்தாறு வயசில், முழங்கை வரைக்கும் சாணத்தில், மதில் மேல் தையல்காரம்மாவும் மாடியில் பல் டாக்டரும் வேடிக்கை பார்க்க, ஒரு மணி நேரம் துழாவினேன். இடுப்பு பிடித்தது அங்கேதான். வெண்டை ஐந்தும் கிடைத்தது, கழுவிக் காயப்போட்டு உறையில் கட்டி வைத்திருக்கிறேன். வெள்ளரியில் ஒன்று முழுசாக, இன்னொன்று பாதியாகக் கிடைத்தது.

தக்காளி கிடைக்கவில்லை. இரண்டாம் நாளும் இறங்கித் தேடினேன், ரிப்பன் மட்டும் வந்தது. மற்ற பழத்தில் விதை எடுக்கலாமே என்று கேட்டால், நன்றாகக் காய்க்கிற அந்த ரிப்பன் கட்டின செடியிலிருந்துதான் எடுக்க வேண்டும், அதில் மிச்சம் பழமே இல்லை என்கிறாள் தையல்காரம்மா. ஏனென்றால் மொட்டையாக நிற்கிற இரண்டில் அது ஒன்று, அதன் தலையைக் கிள்ளியவன் நான். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் வெள்ளரி, வெங்காயம், பல் டாக்டர் என்று இத்தனை பக்கம் சுற்றி வளைத்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, தங்கச்சி. தூக்கம் கூடச் சரியாக வரவில்லை.

வருத்தம் வேறு, தீர்ப்பு வேறு. தோட்டம் என்பது அளவில்லாத, ஒழுங்கில்லாத, கொடுத்தாலும் வாங்க ஆளில்லாத ஒரு தொந்தரவு. இதில் தேறியது எது, கழித்தது எது என்று அந்தச் செடிக்கும் தெரியவில்லை, பார்க்கிறவனுக்கும் தெரியவில்லை. உனக்கோ மூட்டு வலி, குனிந்தால் நிமிர ஆள் வேண்டும். எதற்கு இந்தக் கொடுமை? நன்றாக யோசித்து, மனசார, கையெழுத்துப் போட்டுச் சொல்கிறேன்: சிமெண்ட் போட்டுவிடு. வழவழவென்று தேய்த்து, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்து, ஒரு புல் கூட முளைக்காமல் போட்டுவிடு. கார் நிற்கட்டும். காருக்குத் தண்ணீர் எவ்வளவு என்றாவது புத்தகத்தில் போட்டிருக்கும்.

மச்சானுக்கு என் விசாரிப்பைச் சொல். மகளுக்குச் சுகமாகப் பிரசவம் ஆகட்டும், தாயும் பிள்ளையும் நூறு வயசு இருக்கட்டும். அவளுடைய மாமியாரிடம் மரியாதையாக நடந்துகொள், எல்லாவற்றுக்கும் வாய் கொடுக்காதே.

இப்படிக்கு,
உன் நன்மையைத் தவிர வேறொன்றும் நினைக்காத
அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒரு விஷயம் நடந்துவிட்டது. தீர்ப்பை உன் மகனிடம் நேற்றே சொல்லியிருந்தேன், இன்று காலை அவன் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கொத்தனார் வெள்ளரிப் பந்தலுக்குக் குறுக்கே கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டார், பூவும் பிஞ்சும் இருந்த கொடியைக் காலால் ஒதுக்கினார். "வண்டி உள்ள நுழைய ஆறடி ஆறங்குலமாவது வேணும், கேட் எவ்வளவு இருக்குன்னு பாருங்க" என்றார். உன் மகன் டேப்பை என் கையில் கொடுத்தான். பிடித்துப் பார்த்தேன். ஆறடி பத்தங்குலம் இருந்தது. ஆறடி இரண்டு அங்குலம் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதே, வாய் சொல்லிவிட்டது. தாளில் எழுதிக் கேட்டார், எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அரை மில்லிமீட்டருக்காக முதலாளியோடு மல்லுக்கு நின்றவன், இன்றைக்கு எட்டு அங்குலத்தை முழுசாக விழுங்கிவிட்டேன். கொத்தனார், "எதுக்கும் நான் ஒரு தரம் பிடிச்சுப் பார்க்கட்டுமா?" என்றார். உன் மகன், "தேவையே இல்ல. எங்க மாமா அளந்தா அளந்ததுதான்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டான். அப்போதிருந்து அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் மிளகாய்ச் செடிப் பக்கமாகவே உட்கார்ந்திருக்கிறேன். நீ வந்ததும் உன்னைக் கேட்பான். ஆறடி இரண்டு அங்குலம் என்று சொல்.