கமென்ட்ரி போட்ட மூன்று முடிச்சு

மரக்காணத்திலிருந்து கீழ்புத்துப்பட்டு வரை இருக்கிற அத்தனை மைக்செட்டையும் ஒரே நேரத்தில் அலற விட்டாலும், கமென்ட்ரியின் ஒரு தும்மலுக்கு ஈடாகாது. வீட்டில் வைத்த பெயர் என்று ஒன்று அவனுக்கு இருக்கத்தான் வேண்டும். நான் கேட்டதில்லை.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய நான், உப்பளத்தில் கூலிக்கு நின்றபோது அவன் எனக்குப் பக்கத்துப் பாத்தி. கிரிக்கெட் வர்ணனை என்றால் அவனுக்கு உயிர். மட்டையைத் தொட்டதுகூடக் கிடையாது. ஆட்டம் இல்லாத நாளில் கண்ணில் பட்டதையெல்லாம் வர்ணிப்பான்.

"மாஸ்டர் டீயைத் தூக்கி ஆத்துறாரு... அடடா, ஈ! ஈ உள்ள போயிடுச்சு! மாஸ்டர் அக்கம் பக்கம் பாக்குறாரு... விரலை விடுறாரு!"

அந்தக் கடையில் அதன் பிறகு அவனுக்கு டீ கிடையாது. ஒரு சாவு வீட்டில், "பெரிய மருமக ஆட்டோவுல வந்து எறங்குது, பவுடரைத் தொடைக்குது, அழுகைக்கு ரெடி" என்றான். அந்த அம்மாள் செருப்போடு துரத்தியதையும் ஓடிக்கொண்டே வர்ணித்தான்.

செல்வி அக்கா எங்களோடு உப்பு வாரியவள். இரண்டு கண்ணும் போய்விட்டது. உப்பில் பட்டுத் தெறிக்கிற வெயில் என்பாள் அவள். சர்க்கரை என்றார் டாக்டர். எதுவானால் என்ன, போனது போனதுதான். மகளுக்குப் பிரம்மதேசம் கோயிலில் கல்யாணம் என்று முடிவானதும் கமென்ட்ரிக்கு ஆள் அனுப்பினாள்.

"டேய், எம்பொண்ணு கல்யாணத்த நான் பாக்கணும்டா. பக்கத்துல உக்காந்து சொல்லு."

மகள் பதறினாள். "ஐயோ அம்மா! அந்த அண்ணன் வாயத் தொறந்தா மாப்ள வீட்டுக்காரங்க திரும்பிப் போயிடுவாங்க!"

"காதுலதான சொல்லப் போறான்."

கமென்ட்ரி சாமி மேல் சத்தியம் செய்தான். ஆனால் உப்பளத்துக் காற்றை எதிர்த்துக் கத்தியே வளர்ந்த தொண்டை அது. அக்கா காதில் அவன் சொன்ன ரகசியம், கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொண்டிருந்தவர் வரைக்கும் போனது.

"பொண்ணு வருதுக்கா. அரக்குப் பட்டு. உன்ன மாதிரியே நெத்தி. மாப்ள நல்ல உயரம், சட்டை ஸ்டிக்கரத்தான் இன்னும் பிய்க்கல. மாமியார் குத்துவெளக்கத் தட்டிப் பாக்குறாங்க... மறுபடியும் தட்டுறாங்க... பித்தளைதானான்னு டவுட்டு..."

மாமியார் சுட்டதுபோல விளக்கைக் கீழே வைத்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்துவிட்டார்.

"யோவ், எவன்யா அவன் குடிகாரன்? அவன வெளிய அனுப்பினாத்தான் தாலி!"

மணப்பெண் முகத்தில் ரத்தமே இல்லை.

"தாய்மாமன் வேட்டிய மடிச்சுக் கட்டுறாரு" என்றான் கமென்ட்ரி, பழக்க தோஷம். நான் அவன் வாயைப் பொத்தி இழுத்தேன். செல்வி அக்கா அவன் தோள் துண்டை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அவன அனுப்பிடாதீங்கய்யா. அவன் போயிட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் கண்ணை அப்போதுதான் பலரும் கவனித்தார்கள். மாப்பிள்ளை சட்டையிலிருந்த ஸ்டிக்கரைப் பிய்த்தெடுத்தார்.

"உக்காருங்கண்ணே. அத்தைக்குச் சொல்லுங்க. மாமா, நீங்களும் உக்காருங்க."

"தாய்மாமன் உக்காந்துட்டாருக்கா."

கெட்டிமேளம் முழங்கியது. கமென்ட்ரி கத்தினான். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் முன்னால் அவன் தொண்டை முதல்முறையாகத் தோற்றது. "இன்னாடா நடக்குது? கட்டிட்டாரா? டேய்!" என்று அக்கா கையை நீட்டித் துழாவினாள்.

அவன் வாயை மூடினான். அவள் மணிக்கட்டைப் பிடித்துத் துண்டின் முனையைச் சுற்றினான். மணமேடையைப் பார்த்துக்கொண்டே, மாப்பிள்ளை ஒரு முடிச்சு போட்டால் இவனும் ஒன்று போட்டான். மூன்றாவது நாத்தனார் முடிச்சு. அதற்கும் இங்கே இவனேதான்.

மேளம் அடங்கியபோது அக்கா அந்த மணிக்கட்டைக் கன்னத்தோடு வைத்திருந்தாள்.

"பாத்துட்டேன்டா" என்றாள்.

"அக்கா அழுவுறாங்க" என்றான் கமென்ட்ரி, யாருக்கென்று இல்லாமல். அவன் மூக்கும் ஒழுகியது. அதைச் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் தேர் வந்தால், படுக்கையில் கிடப்பவர்கள் வீட்டிலிருந்து அவனுக்குத்தான் போன் வருகிறதாம். தேரோடு நடந்துகொண்டே சொல்கிறானாம்.

எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. இருந்தாலும் எந்த ஊரில் வேலை செய்தாலும், சாயங்காலம் அவனுக்கு ஒரு போன் போட்டு, "என்னடா தெரியுது அங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போகிறேன்.