பொன்னம்மாவின் செருப்பை வெட்டிய நாள்

நல்ல எண்ணத்தோடு கத்தரிக்கோலை எடுப்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன். கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது.

கொல்லிமலை சுகாதார நிலையத்தில் நர்ஸாகச் சேர்ந்து மூன்றாவது வாரம். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. (மலையேறும்போது எனக்கு வாந்தி வராத வளைவுகள் மிகச் சில.) அன்று சர்க்கரை நோயாளிகள் வரும் நாள். எந்தச் செருப்பு நல்லது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலையை டாக்டர் என் தலையில் கட்டியிருந்தார்.

“பாதம் மரத்துப்போனா முள்ளு குத்துனாலும் தெரியாது. வெறுங்காலோட ஒரு அடிகூட நடக்கக் கூடாது” என்று ஆரம்பித்தேன். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். மனப்பாடம் செய்த அடுத்த வரி மறந்தே போனது.

பதற்றத்தில் வாசலுக்கு ஓடினேன். படியோரம் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு கிடந்தது. அப்பளமாய்த் தேய்ந்து, வாரில் ஊக்கு குத்தியிருந்தது. யாரோ வீசிவிட்டுப் போனது என்று நானே தீர்மானித்தேன். (விசாரிக்கலாம் என்று தோன்றவில்லை. அந்த வயதில் எதுதான் தோன்றியது?) ஒன்றை எடுத்து வந்து எல்லோர் முன்னாலும் குறுக்காக வெட்டினேன்.

“பாருங்க, உங்க காலுக்கும் கல்லுக்கும் நடுவுல இவ்வளவுதான் இருக்கு!”

கூட்டமே நிமிர்ந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தபோது, பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். அரியூர் நாடு என்ற மலைக்கிராமத்தில் மிளகு விவசாயம் செய்யும் பொன்னம்மா.

“ஏனுங்க நர்சம்மா, அது என்ற செருப்புங்க.”

கையிலிருந்த பாதிச் செருப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

“பஸ்ஸ உட்டு எறங்குனா ஊட்டுக்கு ரெண்டு மைல் கல்லுப் பாதைங்க. வெறுங்கால்ல நடக்கக் கூடாதுன்னீங்க. இப்ப நான் பறந்து போறதுங்களா?”

என் செருப்பைக் கழற்றி நீட்டினேன். அதில் அவருடைய விரல்கள் மட்டும்தான் நுழைந்தன. ஆஸ்பத்திரிக் குளியலறைச் செருப்பைக் கொண்டுவந்தேன். இரண்டும் இடது கால். வெட்டியதைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். இரண்டடி வைப்பதற்குள் பிரிந்தது. இந்த அம்மாவுக்குக் காலில் புண் வந்தால் என் வேலை என்னாகும் என்பது முதல் பயம். அவர் கால் என்னாகும் என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியில் மலையடிவாரத்துச் சேந்தமங்கலம் செருப்புக் கடைக்குப் போன் செய்தேன். “அளவு சொல்லுங்க, நாலு மணி பஸ்ஸுல குடுத்துவுடறேன்” என்றார் கடைக்காரர். பொன்னம்மாவை உட்காரவைத்து, அளவெடுப்பதற்காகக் காலைக் கழுவினேன். வலது உள்ளங்காலில் கறுப்பாக ஒரு புள்ளி. தொட்டால் நெருடியது. முறிந்த முள்! சுற்றிலும் தோல் வெளுத்திருந்தது.

“எப்பங்க குத்துச்சு?”

“எங்க குத்துச்சு?” என்றார் அவர்.

டாக்டர் ஓடி வந்து முள்ளை எடுத்துக் கட்டுப் போட்டார். “இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா சீழ் வெச்சிருக்கும். நல்லவேளை, சிஸ்டர் பார்த்தாங்க” என்றார்.

பொன்னம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “செருப்ப வெட்டாமயும் பாத்திருக்கலாமில்ல கண்ணு?”

பஸ் முக்கால் மணி நேரம் தாமதம். அவர் கால் தரையில் படாமல் அதுவரை காவல் காத்தேன். மெத்தென்ற அடிப்பாகமும், பின்னால் வாரும் உள்ள செருப்பு வந்தது. போட்டு நடந்து பார்த்தவர், “பஞ்சாட்டம் இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு, வெட்டாத பழைய செருப்பைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த நாள் முதல் சர்க்கரை நாளன்று எங்கள் வாசலில் ஒரு செருப்பைக்கூடப் பார்க்க முடியாது. எல்லோரும் மடியில் வைத்துக்கொண்டுதான் என் பேச்சைக் கேட்கிறார்கள்.

என் வீட்டுக்காரருக்கு இந்தக் கதையைச் சொன்னது என் இரண்டாவது தவறு. விருந்தாளி வந்தால், “வாங்க” என்பதற்கு முன்னால், “செருப்ப உள்ள கொண்டாந்துருங்க, இவ வீட்டுல இருக்கா” என்கிறார்.