அத்தானின் நெஞ்சைச் சூடாக்கிய மத்தியானம்

நான் பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாதவன். இந்தக் குறைக்காக ஒருமுறை ஓர் உயிரையே கொடுக்கப் பார்த்தேன். என்னுடையதை அல்ல, அத்தானுடையதை.

திருகோணமலைத் துறைமுகத்தடியில் படகு எஞ்சின் திருத்துவது என் தொழில். மிச்ச நேரத்தில் கைபேசியில் விஞ்ஞானம் படிப்பேன். (படிப்பேன் என்பது பெரிய சொல். தலைப்பையும் முதல் பந்தியையும் பார்ப்பேன்.) அப்படிக் கண்ணில் பட்டவைதான் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். சூடு ஏறினால் உயிரணுவுக்குள் இருக்கும் புரதங்கள் மடிப்புக் குலைந்து போகுமாம். உடனே இவை வந்து, குலைந்ததைத் தாங்கிப் பிடித்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருமாம். முன்கூட்டியே கொஞ்சம் சூடு கண்ட இதய உயிரணு, பிறகு இரத்தம் தடைப்பட்டாலும் இலேசில் சாகாதாம். ஆய்வுகூடத்து எலிகளில் பார்த்த விஷயம். எலி என்ற சொல்லையும் கொஞ்சம் என்ற சொல்லையும் நான் பெரிதாக எடுக்கவில்லை.

அக்காவின் கணவர் ஜெரோம் அத்தானுக்கு இரண்டு மாதத்துக்கு முன்தான் மாரடைப்பு வந்திருந்தது. அந்த நாட்களில் எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் உதவ, நான் வார்ட் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவருக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்ற வெறி எனக்கு.

அன்புவழிபுரத்தில் எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் முதியோர் கூட்டம் வைத்தார்கள். பேச வருவதாகச் சொன்னவர் வரவில்லை, என்னைப் பிடித்தார்கள். அத்தானை முன்வரிசைக் கதிரையில் இருத்தினேன். வைகாசி மாதம், தகரக் கூரை, உச்சி வெயில். நான் தொண்டையைச் செருமவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. யன்னல்களைத் திறக்கப் போனவர்களை நானே மறித்தேன்.

"இருங்கோ, இந்த வெக்கைதான் உங்கட நெஞ்சுக்கு மருந்து."

மருந்து ஒரு மணித்தியாலம் ஓடியது. பின்வரிசையில் தொடங்கி ஒவ்வொருவராக எல்லாரும் கழன்றார்கள். அத்தான் மட்டும் அசையவில்லை. ஒருவராவது நம்புகிறாரே என்ற சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் நீட்டினேன். பேச்சு ஆய்வுகூடத்து எலிகளுக்கு வந்து சேரும்போது அத்தான் கதிரையோடு சரிந்தார்.

செய்தி கேட்டு ஓடிவந்த அக்கா, ஓட்டோவில் அவருடைய தலையை மடியில் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் இளம் பெண் டொக்டர் ஒருவர் என்ன நடந்தது என்று கேட்டார். நான் அவருக்கும் புரதத்தை விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டார். "புரதம் உண்மைதான் ஐயா. ஆனா இவர் நீர் போற குளிசை குடிக்கிறவர், உடம்பில தண்ணி ஏற்கனவே குறைவு. பழுதான நெஞ்சை வெக்கைக்குள்ள இருத்தினா அது இன்னும் வேகமா அடிக்கவேணும். புரதம் வந்து சேர முதல் ஆளை அனுப்பப் பாத்திருக்கிறீங்கள்."

அத்தான் தப்பினார். நான் தப்பவில்லை. இன்றைக்கும் எந்த விசேஷத்திலும் நான் எழும்பினால், அவருடைய மகள் சத்தமாகச் சொல்வாள்: "மாமா கதைக்கப் போறார், அப்பாவைக் கதவடியில இருத்துங்கோ." வீடே சிரிக்கும். அக்காவும் சிரிப்பாள், என் முகத்தைப் பார்க்காமல். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஒன்றை மட்டும் அவர்களுக்குச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அத்தானை வீட்டுக்கு அனுப்பிய அன்று, ஏலாது என்றால் எழும்பிப் போயிருக்கலாமே, என்னை அவ்வளவுக்கு நம்பினீங்களோ என்று அத்தானிடம் கேட்டேன்.

"நம்பேல்லையடா," என்றார். "எல்லாரும் எழும்பிப் போயிட்டினம். நானும் எழும்பினா, நீ ஆரோட கதைப்பாய்?"