கிட்டங்கியில் கழுத்தளவு தண்ணி

மட்டக்களப்பு பஸ் களுவாஞ்சிக்குடியைத் தாண்டும்போது காலிதீனின் கைபேசி அடித்தது. திரையில் 'முஸ்தாக் சேர்' என்று அலுவலகப் பொறுப்பதிகாரியின் பெயர் விழுந்ததும், கையிலிருந்த கச்சான் கடலைச் சுருளை மனைவி நஸீறாவின் மடியில் போட்டுவிட்டு, வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினான்.

"காலிதீன், எங்க நிக்கிறீங்க?"

"கிட்டங்கியில சேர். தாம்போதிக்கு மேலால தண்ணி பாயுது. இடுப்பளவு."

காலிதீனுக்கு வீடு கல்முனையில். அவன் எழுதுவினைஞனாக இருக்கும் வயல் வெள்ளச் சேத உப அலுவலகம் ஆற்றுக்கு அக்கரையில், நாவிதன்வெளிப் பக்கம். இடையில் ஆற்றுக்குக் குறுக்கே தாழப் போட்ட பாதையான கிட்டங்கித் தாம்போதி. மாரியில் அது மூழ்கினால் போக்குவரத்து நின்றுவிடும். மூழ்காத நாட்களிலும் அதை மூழ்கடிக்கக் காலிதீனுக்குத் தெரியும். அன்று விடிய மழையைக் கண்டதும் அதைத்தான் செய்தான்.

நஸீறா ஒரு மாதமாக மட்டக்களப்புக்குக் கூட்டிப்போகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மழ நாளையிலதான் புள்ள டவுண் பாக்க வடிவு. சனமும் இரிக்காது, வெயிலும் இரிக்காது" என்று அவளைக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தான்.

"மட்டக்களப்பு, மட்டக்களப்பு! உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க!" என்று கொண்டக்டர் கத்தினான்.

"அதென்ன சத்தம்?" என்றார் முஸ்தாக் சேர்.

"ஒரு நோயாளி சேர். மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகணுமாம். சனம் கத்துது."

"யா அல்லாஹ்! நான் தண்ணி ஏற முந்தியே, சுபஹு தொழுத கையோட ஒபிஸுக்கு வந்திட்டன். இஞ்ச சனம் வரிசையில நிக்கிது. நான் தனியாளாத்தான் எல்லாம் பாக்கன். சரி, நீங்க தண்ணிக்குள்ள இறங்கிராதீங்க. கோவையில போட ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்க."

காலிதீன் கைபேசியை மடியில் வைத்தான்.

"என்னவாம்?" என்றாள் நஸீறா.

"வெள்ளத்தப் போட்டோ எடுத்து அனுப்பட்டாம்."

"எந்த வெள்ளத்த?"

அதுதான் கேள்வி. மட்டக்களப்பில் இறங்கியவர்கள் கோட்டையைப் பார்க்கவில்லை. வாவிக்கரையில் நடக்கவில்லை. ஒரே குடைக்குள் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் நிற்கும் தெரு தேடி ஒன்றரை மணித்தியாலம் அலைந்தார்கள். தண்ணீர் நின்ற இடமெல்லாம் கடைகள் இருந்தன. கடையில்லாத இடமெல்லாம் நகரசுத்தித் தொழிலாளர்கள் வடிகானைத் துப்புரவாக்கி வைத்திருந்தார்கள். "வேலயில்லாதவனுகள்" என்று காலிதீன் திட்டினான்.

கடைசியில் ஒரு குறுக்கு ஒழுங்கை அகப்பட்டது. காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான்.

"இது முழங்காலளவுதானே" என்றாள் நஸீறா, கைபேசியைப் பிடித்தபடி.

"பரவாயில்ல, எடு."

"இடுப்பளவு எண்டு நீங்கதானே சொன்னீங்க. குந்துங்க."

குந்தினான். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது.

"இன்னும் கொஞ்சம் கவலயா இரிங்க."

அப்போது ஒரு செத்த எலி அவனை நோக்கி மிதந்து வந்தது. போட்டோ அருமையாக விழுந்தது.

அனுப்பி இரண்டு நிமிடத்தில் முஸ்தாக் சேர் அழைத்தார். "காலிதீன், பின்னுக்கு ஒரு ஐஸ்கிரீம் கடைப் பலகை தெரியிதே?"

காலிதீன் திரும்பிப் பலகையைப் பார்த்தான். "அது... வெள்ளத்தில அடிச்சு வந்து மரத்தில மாட்டிக் கிடக்கு சேர்."

"அடேயப்பா! என்ன வெள்ளம்!" என்று வியந்தவர், அந்தப் படத்தை உடனே மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார். தன் ஊழியன் ஒருவன் நெஞ்சளவு தண்ணீரில் நிற்பது தனக்கும் பெருமைதான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

மாவட்ட அலுவலகத்தில் யாருக்கோ கை சும்மா இருக்கவில்லை. அரை மணித்தியாலத்தில் படம் முகநூலில் ஏறியது. 'கழுத்தளவு வெள்ளத்திலும் கடமை தவறாத ஊழியர்!' என்று தலைப்பு. நெஞ்சு எப்போது கழுத்தானது என்று யாரும் கேட்கவில்லை. இருநூறு பேர் அவனுக்காகப் பிரார்த்தித்துத் துஆச் செய்திருந்தார்கள்.

ஈர உடுப்போடு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, புரியாணியில் முதல் கவளத்தை எடுத்தபோது உம்மாவின் அழைப்பு வந்தது.

"மகன்! ஒனக்கு நீந்தவும் தெரியாதேடா!" உம்மா அழுதாள்.

"ஒண்டுமில்ல உம்மா. மரத்தப் புடிச்சிட்டு நிக்கன்."

"சேர், கோழிக்கால் இன்னுமொண்டு வைக்கவா?" என்றான் பரிமாறுகிறவன்.

"ஆரடா அது?"

"மீட்க வந்த ஆக்கள் உம்மா."

நஸீறா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா, வெட்கப்படுகிறாளா என்று காலிதீனுக்கு விளங்கவில்லை. உம்மாவைச் சமாதானப்படுத்தி வைத்ததும் மறுபடி முஸ்தாக் சேர்.

"காலிதீன், சந்தோசமான செய்தி. மாவட்ட ஒபிஸால ஒங்கள எடுக்கப் படகு அனுப்பிறாங்க. லொறியில ஏத்திட்டாங்களாம். ரெண்டு மணித்தியாலத்தில கிட்டங்கிக்கு வந்திரும். அந்தப் பலகை மாட்டின மரத்தப் புடிச்சிட்டே நில்லுங்க!"

காலிதீன் எழுந்த வேகத்தில் ரைத்தா கவிழ்ந்தது. "எழும்பு புள்ள, போவம்."

"நான் வரல்ல" என்றாள் நஸீறா. "தண்ணிக்குள்ள நிக்கிறது நீங்கதானே. நான் திண்டு முடிச்சு, காத்தான்குடியில ராத்தாட ஊட்ட போய்ட்டு, பின்னேரம் வாறன். ஒங்கட கோழிக்காலையும் இஞ்சால வைங்க."

ஒரு ஓட்டோவைப் பிடித்தான். இரண்டு பக்கத்தாலும் காற்று அடித்தது. வழியெல்லாம் நஸீறாவின் படங்கள் வந்துகொண்டிருந்தன. நஸீறா பலூடாவோடு. நஸீறாவும் அவளுடைய அக்கா அஸ்னா ராத்தாவும் கல்லடிப் பாலத்தில் ஒரே குடைக்குள். 'நீங்க சொன்னது சரிதான், மழையில டவுண் நல்ல வடிவு' என்று எழுதியிருந்தாள்.

கிட்டங்கியில் இறங்கிப் பார்த்தான். தாம்போதிக்கு மேலே ஒரு சிரட்டைத் தண்ணீரும் இல்லை. மழையில் தெரு நனைந்திருந்தது, அவ்வளவுதான். இரண்டு மோட்டார் சைக்கிள்களும் விறகேற்றிய உழவு இயந்திரமொன்றும் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தன.

படகு ஏற்றிய லொறி இன்னும் வரவில்லை. அது வந்து இந்தத் தெருவைக் கண்டால் கதை முடிந்தது. உத்தியோகம் போகும், முகநூலில் துஆச் செய்த இருநூறு பேரும் அதே வாயால் திட்டுவார்கள். ஒரே ஒரு வழிதான் இருந்தது. லொறி வர முந்தி அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நீந்திக் கடந்தேன், அதற்குப் பிறகு வெள்ளம் வடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

ஆனால் ஓட்டோக் காற்றில் உடுப்பு பாதி காய்ந்துவிட்டிருந்தது.

தாம்போதிக் கரையால் சறுக்கி ஆற்றில் இறங்கினான். நெஞ்சளவில் ஒருமுறை முங்கினான். முகநூல் ஞாபகம் வர, கழுத்தளவில் இன்னொருமுறை முங்கினான். ஒரு சப்பாத்து சேற்றோடு போயிற்று. தண்ணீரில் மிதந்த ஆற்றுவாழைச் செடிக் கொத்தொன்று தோளில் தொங்கியது. அதை எடுக்கப் போன கையைத் திருப்பிக்கொண்டான். இருக்கட்டும்.

கரையில் காத்து நின்ற ஓட்டோக்காரர் பின்பக்கம் வந்தார். ஆசனத்தில் ஒரு பசளைப் பையை விரித்துவிட்டு, "இதில இரிங்க" என்றார்.

காலிதீன் வழிநெடுகச் சொல்லிப் பழகினான். "சேர், ஒங்கள தனியாளா விட மனசு கேக்கல்ல. உயிர் போனாலும் பரவாயில்ல எண்டு நீந்தி வந்திட்டன்." மூன்றாம் முறை சொல்லும்போது அவனுக்கே கண் கலங்கியது.

அலுவலகத்துக்கு முன்னால் வரிசையைக் காணவில்லை. கதவில் பெரிய பூட்டு தொங்கியது. படியில் சின்னப்போடி என்ற விவசாயி ஒருவர், பொலித்தீன் பைக்குள் ஒரு படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். ஒற்றைச் சப்பாத்தோடும் ஆற்றுவாழையோடும் வந்தவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆரத் தேடுறீங்க தம்பி?"

"நான் இஞ்சதான் வேல செய்யிறன்."

"அப்பிடியா. காலத்தால எட்டு மணியிலயிருந்து நிக்கன், ஒரு குருவியும் வரல்ல. என்ட வயல் முழுக்கத் தண்ணிக்குள்ள. இந்தப் போம் குடுக்க இண்டைக்குத்தான் கடைசி நாள்."

காலிதீன் பூட்டை இழுத்துப் பார்த்தான். "முஸ்தாக் சேர் எங்க? விடியவே வந்திட்டன் எண்டாரே... சனம் வரிசையில நிக்கிதெண்டாரே..."

சின்னப்போடி தலையை ஆட்டினார்.

"பெரிய சேருக்கு இப்பதான் கோல் எடுத்தன் தம்பி. அவரு பாவம், விடியக்குள்ளயிருந்து கிட்டங்கியில கழுத்தளவு தண்ணிக்குள்ள நிக்காராம். நீங்க வரக்குள்ள காணல்லியா?"