‘வாரெஷ்கி’யைக் கண்டுபிடித்தவர்

கண்டுபிடித்தவர் என்று ஓர் இனம் உண்டு. விஞ்ஞானிகளைச் சொல்லவில்லை. விஞ்ஞானி பாவம், முதலில் தேடுவான், பிறகு கண்டுபிடிப்பான், அதன்பிறகுதான் உலகத்துக்குத் தெரியும். நான் சொல்லும் இனத்துக்கு அந்த வரிசை தலைகீழ். முதலில் உலகத்துக்குத் தெரியவேண்டும். பிறகு இவர் கண்டுபிடிப்பார். ஒரு பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கத் தொடங்கிய மறுநாள் காலை, டிராலிபஸ்ஸில் உங்கள் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, “இதைப் பாடறவங்களுக்கு ஆரம்பம் யார்னு தெரியுமா?” என்று கேட்பார். தெரியாது என்று சொல்லுங்கள். தெரியும் என்று சொன்னாலும் சொல்லத்தான் போகிறார்.

எங்கள் பெர்ம் நகரத்தில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி இன்னொகெந்தி பாவ்லோவிச். கேபிள் ஆலையின் கலாச்சார மாளிகைக்கு இயக்குநர். இரண்டு அரங்கம், ஒரு கோரஸ் குழு, ஒரு நடன வகுப்பு, இசை தெரியாத ஓர் இயக்குநர்: மாளிகையின் சொத்து இவ்வளவுதான்.

அந்த வருஷம் பிப்ரவரியில் மாஸ்கோவில் ஓர் ஆல்பம் வெளியானது. பெயர் ‘கடைசி டிராம்’. பாடியவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள், ரிம்மா, தாயா. ஜோடிக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘வாரெஷ்கி’. அதாவது கம்பளிக் கையுறைகள். கேசட் அட்டையில் இருவரும் டிராம் நிறுத்தத்தில் நின்றபடி ஒரே கையுறைக்குள் ஆளுக்கொரு கையை நுழைத்துக்கொண்டு, யாரையோ திட்டி முடித்தவர்கள்போலச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். முதல் ஆல்பம்தான். ஆனால் மார்ச் பிறப்பதற்குள் பெர்மில் அதிலிருந்து தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. சூரியகாந்தி விதை விற்கும் பெட்டிக்கடையில் அது, முடிதிருத்தகத்தில் அது, பல் பிடுங்கும் இடத்தில்கூட அது. பல் வலிக்கு அது தேவலையா, அதற்குப் பல் வலி தேவலையா என்று தெரியாமல் ஜனங்கள் வாயைப் பிளந்து படுத்திருந்தார்கள்.

இன்னொகெந்தி பாவ்லோவிச் அதை முதலில் கேட்டது சமையலறை வானொலியில். வாயில் பெல்மேனி கொழுக்கட்டை. மனைவி அலெவ்தினா புளித்த பாலேட்டை அவர் தட்டில் ஊற்றியபடி சொன்னாள்:

“கேஷா, இது அந்த ரெண்டு பொண்ணுங்கதானே? போன குளிர்காலம் உன் மாளிகைக்கு வந்து, பாடிப் பழக இடம் கேட்டு, நீ துரத்திவிட்டியே?”

“துரத்திவிட்டேனா? யார் சொன்னா?”

“நீதான். அன்னிக்குச் சாப்பிடறப்போ சொல்லிச் சொல்லிச் சிரிச்சே. ஒருத்தி மூக்கால பாடறா, இன்னொருத்தி மூச்சால பாடறா, ரெண்டும் சேர்ந்தா ஜலதோஷம்னு.”

கொழுக்கட்டை சற்று நேரம் கன்னத்திலேயே நின்றது. பிறகு இறங்கியது.

“அது விமர்சனம், அல்யா. வளர்ற பிள்ளைங்களுக்கு விமர்சனம்தான் சத்து.”

கவனித்தீர்களா? கண்டுபிடிப்பு நிகழ்ந்துவிட்டது.

அந்த வாரம் அவர் சொன்னது, “நான் அவங்க பாட்டைக் கேட்டிருக்கேன்.” இது உண்மை. அடுத்த வாரம், “அவங்களுக்கு நான் ஒரு ஆலோசனை சொன்னேன்.” இதுவும் ஒருவிதத்தில் உண்மை; தையல் கற்றுக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஏப்ரலில் பனி உருகியது, அவரும் உருகினார்: சிறிய அரங்கத்தை அந்தப் பெண்களுக்குத் திறந்துவிட்டு, வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். மே மாதம் பொது நீராவிக் குளியலறையில், இடுப்பில் துண்டும் கையில் உடம்பில் தட்டிக்கொள்ளும் பிர்ச் இலைக்கொத்துமாக, ஆல்பத்தின் மூன்றாவது பாட்டில் தாயா மூச்சை இழுத்து விடும் இடம் தன்னுடைய யோசனை என்று அறிவித்தார். “அந்த இடத்துல ஒரு மூச்சு விடும்மான்னேன். விட்டா. ஊரே விழுந்துடுச்சு.” பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருந்தவர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும் ஆட்டவில்லை. கோரஸ் குழுவை நடத்தும் ரொதியோன் ஸகாரிச். அந்தப் பெண்கள் துரத்தப்பட்ட அன்று அதே அறையில் பியானோ முன் உட்கார்ந்திருந்தவர்.

பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். பொய்யருக்குத் தான் சொல்வது பொய் என்று தெரியும். இன்னொகெந்தி பாவ்லோவிச்சுக்கு ஜூன் மாதத்தில் அந்த மூச்சு உண்மையாகவே ஞாபகம் வந்தது. தாயா அன்று போட்டிருந்த ஸ்வெட்டரின் நிறம்கூட ஞாபகம் வந்தது.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் கேடில்லை. ஆனால் இலையுதிர் காலத்தில் ஆலை நிர்வாகத்துக்கு ஒரு யோசனை உதித்தது. மாளிகையைச் சோபா, அலமாரி விற்கும் ஒருவருக்கு வாடகைக்கு விட்டால் என்ன? கோரஸ் குழு வேறு எங்காவது பாடட்டும். நடன வகுப்பு வீட்டில் ஆடட்டும். துணை மேலாளர் செர்னிஹ் வந்து, மேடையின் நீள அகலத்தை அளந்து, “இங்க படுக்கையறை செட்டு வெச்சா எடுப்பா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ஊழியர்கள் கூடினார்கள். நடன ஆசிரியை அழுதாள். ரொதியோன் ஸகாரிச் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி மெதுவாகச் சொன்னார்:

“எதுக்கு அழறீங்க? நம்ம இன்னொகெந்தி பாவ்லோவிச் கண்டெடுத்த பிள்ளைங்க அடுத்த மாசம் விளையாட்டு அரங்கத்துல கச்சேரிக்கு வர்றாங்க. இங்க வந்து ஒரே ஒரு பாட்டு பாடிட்டுப் போகச் சொன்னாப் போதும், நிர்வாகம் கையெடுத்துக் கும்பிடும். அவர் சொன்னா தட்டுவாங்களா?”

எல்லா முகமும் இயக்குநர் பக்கம் திரும்பியது. ஒரு மனிதன் உண்மையைச் சொல்ல நல்ல சந்தர்ப்பம். இப்படிப்பட்ட சந்தர்ப்பங்களை நம் இனத்தார் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

“ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஓடி வருவாங்க” என்றார் இன்னொகெந்தி பாவ்லோவிச்.

செர்னிஹ்கூட இறங்கி வந்தார். அவர் மகள் அந்தக் கேசட்டை நாடா தேயும்வரை கேட்டவள். “ஒரு பாட்டு பாடட்டும், சோபாக்காரனை வேற இடம் பார்க்கச் சொல்லிடறேன். ஆனா அவங்ககிட்ட பேசறப்போ நானும் கூட வருவேன்.”

கச்சேரி நாளன்று சாயங்காலம் இன்னொகெந்தி பாவ்லோவிச் கார்னேஷன் பூக்களோடு புறப்பட்டார். அலெவ்தினா கொத்தை வாங்கி எண்ணிப் பார்த்தாள்.

“இரட்டைப்படையா பூ வைக்கிறது சாவுக்குத்தான்! கல்லறைக்கா போறே?” என்று ஒன்றை உருவி எடுத்தாள். பிறகு அவர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தபடி, “கேஷா, பேசாம உண்மையைச் சொல்லிடு” என்றாள்.

“என்ன உண்மை?” என்று கேட்டார் அவர். உண்மையாகவே கேட்டார்.

செர்னிஹோடும் ரொதியோன் ஸகாரிச்சோடும் விளையாட்டு அரங்கத்தின் பின்வழித் தாழ்வாரத்துக்குப் போனால், ஒப்பனை அறைக்கு முன் ஒரு வரிசை. அத்தனையும் கண்டுபிடித்தவர்கள். ஸரிகம சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஒருத்தி. “ஸரிகம நான் சொல்லித் தந்தது. இவங்க சும்மா அதை வரிசை மாத்திப் பாடறாங்க.” ரிம்மாவுக்கு முதன்முதல் முடி வெட்டியவர் ஒருவர். சுவர் வழியாக அவர்கள் பாடுவதைச் சகித்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி. “போலீஸைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடலையே!” எல்லோர் கையிலும் பூ. எல்லோரும் ஒருவரையொருவர் மோசடிக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டார்கள்.

இவர்கள் முறை வந்தது. உள்ளே ரிம்மாவும் தாயாவும் ஒரே டப்பாவிலிருந்து இரண்டு கரண்டியால் கோதுமைக் கஞ்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொகெந்தி பாவ்லோவிச் கைகளை அகல விரித்தார்.

“என் கண்ணுங்களா! ஞாபகம் இருக்கா?”

இருவரும் மரியாதையாகப் புன்னகைத்தார்கள். வரிசையில் முன்னால் போனவர்களுக்குக் கிடைத்த அதே புன்னகை.

“சின்ன அரங்கம்! நான் திறந்து விட்டேனே! மூணாவது பாட்டு! அந்த மூச்சு!”

“ரொம்ப நன்றிங்க” என்றாள் ரிம்மா, பேனாவை எடுத்தபடி. “கையெழுத்து யார் பேருக்குப் போடட்டும்?”

செர்னிஹ் தொண்டையைக் கனைத்தார். ரொதியோன் ஸகாரிச் கூரையைப் பார்த்தார். இன்னொகெந்தி பாவ்லோவிச்சுக்குக் காது இரண்டும் சூடேறியது. மாதக்கணக்கில் அவர் தனக்குள் கட்டி எழுப்பிய அரங்கம், மூச்சு, ஸ்வெட்டர் எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்து, அடியில், அவர்களைத் துரத்திய அன்று பழைய நாற்காலியில் கட்லெட் தின்றுகொண்டிருந்த ஒரு மனிதன் மட்டும் மிஞ்சினான்.

“நான்தாம்மா உங்களைத் துரத்தினவன்!” என்று கத்தினார்.

தாயா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எந்தத் துரத்தல்? நிறைய பேர் துரத்தினாங்களே.”

“மீன் ஆலைல ஒருத்தர், மீசை வெச்சிருந்தாரே, அவரா?” என்றாள் ரிம்மா.

“இல்லம்மா! எனக்கு ஏது மீசை? ஜலதோஷம்னு சொன்னேனே, அது நான்!”

“ஜலதோஷம்னு மூணு பேர் சொன்னாங்க” என்றாள் தாயா வருத்தத்தோடு.

கண்டுபிடித்தவராக இல்லாமல் போவது ஒரு துக்கம். துரத்தியவராகக்கூட ஞாபகத்தில் இல்லாமல் போவது என்ன துக்கம் என்று யோசித்துப் பாருங்கள். அவர் பூக்களை மேசையில் வைத்தார். குரல் தணிந்துவிட்டது.

“சரிம்மா. என்னை விடுங்க. கேபிள் ஆலை மாளிகையை மூடப்போறாங்க. மேடைல கட்டில் போடப்போறாங்க. இத்தனை நாள் நான் அடிச்ச தம்பட்டத்தை நம்பி அங்க இருக்கறவங்க காத்துக்கிட்டிருக்காங்க. கோரஸ் பாடறவங்க, ஆடற பிள்ளைங்க. எனக்காக வேண்டாம். ஒரு பாட்டு.”

“கேபிள் ஆலையா?” தாயா நிமிர்ந்தாள். “கோட்டு மாட்டற இடம் பக்கத்துல, ஜன்னலுக்குக் கீழ, பெருசா ஒரு ரேடியேட்டர்?”

“ஆமாம்மா...”

“ஏய் ரிம்மா! அந்த ரேடியேட்டர்!”

விஷயம் இதுதான். துரத்தப்பட்ட அன்று வெளியே கடுங்குளிர். டிராம் வரவில்லை. பெண்கள் இருவரும் வாசலுக்குப் போகாமல், வெந்நீர் ஓடி கட்டடத்தைச் சூடாக்கும் அந்த ரேடியேட்டர்மேல் சாய்ந்து உட்கார்ந்து, நனைந்த கையுறைகளை அதன்மேல் காயப்போட்டுவிட்டு, இயக்குநரைத் திட்டித் தீர்த்து, திட்டு தீர்ந்தபின் ‘கடைசி டிராம்’ பாட்டை எழுதினார்கள். கையுறைகள் காய்வதைப் பார்த்துத்தான் பெயரும் வைத்தார்கள். அந்த ஆல்பத்தின் பிறப்பிடம் அதுவேதான்.

மறுநாள் காலை வந்தார்கள். மாளிகை நிரம்பி வழிந்தது. ஒரு பாட்டு கேட்டதற்கு ஆல்பத்தில் பாதியைப் பாடினார்கள். கோரஸ் குழுவையும் கூடப் பாட வைத்தார்கள். கடைசியில் தாயா ஒலிவாங்கியில், “எங்களுக்கு இந்த ஊர்ல முதல் ஆதரவு தந்தது இந்த மாளிகையோட ரேடியேட்டர்” என்று சொல்ல, கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. செர்னிஹ் மகளோடு நின்று அந்தப் பெண்களுடன் படம் எடுத்துக்கொண்டார். சோபாக்காரர் வேறு இடம் பார்த்தார்.

ஓரமாக நின்ற இன்னொகெந்தி பாவ்லோவிச்சின் காதில் ரொதியோன் ஸகாரிச் குனிந்து, “பாத்தீங்களா? நீங்க துரத்தலைன்னா அவங்க அங்க உக்காந்திருக்கவே மாட்டாங்க” என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். பாவம், யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று யோசித்திருக்க வேண்டும்.

வாரம் முடிவதற்குள் நீராவிக் குளியலறையில் புதிய பதிப்பு வெளிவந்தது. “கலைஞனுக்கு அரங்கத்தைத் திறந்து விட்டா கெட்டுப்போவான். வாசல்ல உக்கார வெக்கணும். வேணும்னேதான் துரத்தினேன். ஆனா ரேடியேட்டரை மட்டும் நல்லாச் சூடா வெச்சிருக்கச் சொல்லியிருந்தேன்.” கொதிகலன் அறை ஊழியர் இதைக் கேட்டு, சூடு யாருடையது என்று சண்டைக்கு வந்தார். இதற்கிடையில் மீன் ஆலை மீசைக்காரர் உள்ளூர்த் தொலைக்காட்சியில் தோன்றி, அந்தப் பெண்களை முதன்முதலில் துரத்திய பெருமை தனக்கே என்று சொல்லிவிட்டார். வீட்டில் அதைப் பார்த்த இன்னொகெந்தி பாவ்லோவிச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“புளுகன்! எங்கிட்டதான் முதல்ல வந்தாங்க! நான்தான் துரத்தினேன்! அல்யா, நீ சாட்சி!”

“சாப்பிடு, கேஷா” என்றாள் அலெவ்தினா.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்களுக்குத் தெரிந்த ஒரு பாடகரோ, எழுத்தாளரோ, இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரி வைத்திருக்கும் ஒரு பள்ளித் தோழரோ இல்லாமலா இருப்பார்? “அவனா? நாங்கதான் தட்டிக்கொடுத்து மேல ஏத்திவிட்டோம்” என்று எத்தனை விருந்தில், எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள்? தவறில்லை, இன்னும் சொல்லுங்கள். கேட்பவர்களும் அப்படி ஒருவரை வைத்திருப்பார்கள். ஒன்றை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் செய்துவிடாதீர்கள்: அவர் ஊருக்கு வரும்போது, பூங்கொத்தோடு போய் அவர் முன்னால் நின்றுவிடாதீர்கள்.