போதை கக்கும் தொட்டி

அந்தக் கோடையில் எங்கள் வெஸ்டர்சைல் துறைமுகத்தில் காலணி போட்ட ஆளையே பார்க்க முடியவில்லை. ஊரே வெறுங்காலோடு வரிசையில் நின்றது. வரிசையின் தலை பழைய மீன் ஏலக்கூடத்தில் இருந்தது. வால் கடலணையில் ஏறி, மறுபக்கம் இறங்கி, மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளுக்கு நடுவே முடிந்தது. இரண்டு ஆடுகளும் வரிசையில் சேர்ந்துகொண்டதாகச் சொல்கிறார்கள். நான் மறுக்கமாட்டேன். ஆடுகளாவது முண்டியடிக்காமல் நின்றன.

எல்லாம் லாம்பெர்ட் க்விஸ்பெல் என்ற மகானின் மகிமை. தெற்கேயிருந்து ஒரு வேனில் வந்து இறங்கினார். வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தாடி, அதைவிட வெள்ளையான பல். ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிட வேண்டும். எந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாஸ்டர் என்று கேட்கக் கூடாது.

அவருடைய வித்தை இதுதான். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர். அதில் இமயமலையிலிருந்து நேரே வந்த ரோஸ் நிற உப்பு. (இமயமலை பாவம், அதற்கு எத்தனை வேலை!) நடுவில் ஓர் உலோகச் சுருள். சுருளிலிருந்து ஒயர், ஒயரின் முனையில் ஒரு ஸ்விட்ச். நீங்கள் காலை விட வேண்டியதுதான் பாக்கி. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பழுப்பாகும், கலங்கும், சாக்கடையாகும். உடம்பில் பதுங்கியிருந்த போதையெல்லாம் உள்ளங்கால் வழியே இறங்கிவிட்டது என்பார் மாஸ்டர். இளம் பழுப்பு என்றால் கஞ்சா. கறுப்பு என்றால் ஹெராயின். மேலே நுரை மிதந்தால் டிஸ்கோவில் விழுங்குகிற போதை மாத்திரை.

சர்ச் மூப்பர் டேக்கெமா ஐயா வாழ்நாளில் பீர் வாசனைகூட அறியாதவர். அவர் தொட்டியில் வந்தது இளம் பழுப்பு.

“எனக்கா? கஞ்சாவா?” என்று அலறினார்.

“பக்கத்து வீட்டுக்காரன் விட்ட புகை, ஐயா” என்றார் மாஸ்டர், கண்ணை மூடியபடி.

டேக்கெமாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் ரூலோஃப். அவன் காலையில் எழுந்ததும் இழுக்க ஆரம்பித்தால் கண் மூடும்வரை புகைபோக்கிதான். அவன் தொட்டியோ அதைவிட வெளிறி, பால் விடாத லேசான டீ நிறத்தில் நின்றுவிட்டது. ரூலோஃபின் தொட்டியில் மாஸ்டர் உப்பைக் கொஞ்சமாகத்தான் போட்டார் என்பதை யாரும் கவனிக்கவில்லை. உப்பைப் பார்க்கவா வந்தார்கள்? அற்புதத்தைப் பார்க்க வந்தார்கள்.

இது நடந்த நேரம் பாருங்கள். ஊரில் முதல் கஞ்சாக் கடைக்கு உரிமம் கொடுப்பதா வேண்டாமா என்று நகரசபை மண்டையை உடைத்துக்கொண்டிருந்த சமயம். கடை கேட்டு மனுப் போட்டவன் ரூலோஃப். கூடாது என்று கையெழுத்து வேட்டை நடத்தியவர் டேக்கெமா. இருவர் கையிலும் இப்போது தொட்டி ஆயுதமாகிவிட்டது.

“என் காலிலேயே கஞ்சா! குற்றமற்றவன் காலில்! தடை பண்ணு!” என்றார் டேக்கெமா.

“நாள் முழுக்க இழுக்கிற என் காலில் வெறும் டீ! இவ்வளவு சாதுவான சாமானுக்கா தடை?” என்றான் ரூலோஃப்.

ஒரே அழுக்குத் தண்ணீர், இரண்டு கட்சிக்கும் சாட்சி. நீதிமன்றத்தில்கூட இப்படி ஒரு சாட்சி கிடைக்காது.

இதுவரை சிரிப்பு. இனி வருவதுதான் விஷயம்.

ஹார்மென் என்று ஒருவன். படகுக் கொட்டகையில் என்ஜின் பழுதுபார்க்கிறவன். வாலிபத்தை முழுக்க ஹெராயினுக்குக் கொடுத்துவிட்டு, பல்லில் பாதியைக் கொடுத்துவிட்டு, ஊசி குத்திய புண் அழுகி முழங்காலுக்குக் கீழே இடது காலையும் கொடுத்துவிட்டு, எப்படியோ மீண்டவன். மீட்டது மெத்தடோன் என்ற மாற்று மருந்து. தினமும் காலையில் கிளினிக்கில் போய் ஒரு சின்னக் கோப்பை மருந்து குடிப்பான். உள்ளே இருக்கும் ஓநாய் சுருண்டு படுத்துக்கொள்ளும். அவன் வேலைக்குப் போவான்.

அவன் அக்கா யெல்ட்யே. அவள் வீட்டில்தான் இருக்கிறான். தம்பி எங்கே எந்தச் சந்தில் செத்துக் கிடக்கிறானோ என்று தேடித் தேடித் தலை நரைத்தவள். பயந்தவர்களை மாஸ்டர்கள் மோப்பம் பிடித்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

“டேய், மாஸ்டர்கிட்ட உன்னைப் பத்திப் பேசிட்டேன்” என்றாள் ஒரு நாள், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே. “அந்த மருந்தும் விஷந்தானாம். அதை நிறுத்தினாத்தான் தொட்டி உன்னை முழுசாச் சுத்தம் பண்ணுமாம்.”

“அதை நிறுத்தினா நான் பழைய சரக்கைத் தேடிப் போவேன்க்கா. பழைய அளவை இந்த உடம்பு இப்பத் தாங்காது. முதல் ஊசியே கடைசி ஊசி.”

“முதல் தடவை இலவசம்னு சொன்னாருடா!”

“எனக்குச் சரக்கு வித்த அத்தனை பேரும் அதையேதான் சொன்னாங்க.”

யெல்ட்யே கத்தியைக் கீழே வைத்தாள். “வர்ற திங்கட்கிழமை நீ கிளினிக் போகக் கூடாது. போனா இந்த வீட்டுக்கு வராதே. தினம் தினம் உன்னைப் பறிகொடுத்துப் பறிகொடுத்து எனக்குத் தெம்பில்லை.”

அவள் அழுதுகொண்டிருந்தாள்.

நகரசபைக் கூட்டம் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை. மாலை ஏழு மணிக்கும் வெயில் கொளுத்தியது. மண்டபம் பிதுங்கியது. ஆளுக்கொரு காப்பி, ஆளுக்கொரு பிஸ்கட். கொடுத்து முடித்ததும் டப்பாவை மூடிவிட்டார்கள். எங்கள் நாட்டில் புரட்சி வெடித்தாலும் அந்த டப்பா மறுபடி திறக்காது. நிபுணர் சாட்சியாக மாஸ்டரை இரு கட்சிகளும் சேர்ந்து அழைத்திருந்தன. அவர்கள் ஒன்றுபட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

“யார் வருகிறீர்கள்?” என்று தொட்டியை நிரப்பிவிட்டுக் கேட்டார் மாஸ்டர்.

ஹார்மென் விந்தி விந்தி முன்னால் போனான். யெல்ட்யேயின் முகம் மலர்ந்தது.

“மாஸ்டர், நான் யெல்ட்யே தம்பி. வருஷக்கணக்கா ஏத்தின ஹெராயின் உள்ள இருக்கு. ஆனா வலது கால்ல ஒரு புண்ணு. இடது கால் மட்டும் விட்டாப் போதுமா?”

“விஷத்துக்கு ஒரு வாசல் போதும், மகனே.”

“சாக்ஸைக் கழட்டணுமா?”

“சாக்ஸ் அதைத் தடுத்துவிடுமா என்ன?” மாஸ்டர் சிரித்தார்.

அந்த இடது கால் போன குளிர்காலத்தில் ஆஸ்பத்திரி மாட்டிவிட்ட செயற்கைக் கால். ஊருக்கே தெரியும். மாஸ்டருக்குத் தெரியாது. யெல்ட்யே அவரிடம் தம்பியின் போதையைப் பற்றி மணிக்கணக்கில் அழுதாளே தவிரக் காலைப் பற்றிச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. எல்லாம் அறிந்தவர் எதைக் கேட்பார்?

பெரிய நோயாளி என்பதால் உப்பை வாரிக் கொட்டினார். ஸ்விட்சைப் போட்டார். தண்ணீர் பழுப்பானது, சிவந்தது, கறுத்தது. முன்வரிசையில் ஒரு பெண் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டாள். மேயரம்மா வில்லெமீன் காப்பிக் கோப்பைக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

“பாருங்கள்!” என்று முழங்கினார் மாஸ்டர். “இந்தப் பாதத்தில் உறைந்திருந்த நரகத்தைப் பாருங்கள்!”

“நிச்சயமா இந்தக் கால்லேருந்துதானா, மாஸ்டர்?”

“என் தாய்மீது ஆணை!”

ஹார்மென் கால்சட்டையைச் சுருட்டினான். எதையோ அழுத்தினான். டக்கென்று ஒரு சத்தம். காலைக் கழற்றி, சொட்டச் சொட்ட, பிஸ்கட் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தான்.

“இது ஒரு வயசுகூட ஆகாத பிள்ளை, மாஸ்டர். சிகரெட்டுகூடப் பிடிச்சதில்லை. எப்ப ஹெராயின் பழகிச்சு?”

மண்டபம் இடிந்து விழாதது கட்டியவனின் திறமை. சிரிப்பில் கூரை ஒரு சாண் உயர்ந்து மறுபடி உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் மாஸ்டர் லேசுப்பட்டவரா? தாடியைத் தடவினார். “உடம்பின் விஷம் ஒட்டியிருக்கிற பொருளுக்கும் இறங்கும். காலுக்கே இவ்வளவு என்றால், இவனுக்குள் எவ்வளவு இருக்கும்!”

சிரிப்பு நின்றது. நம்புங்கள், தலைகள் ஆடின. டேக்கெமாவின் தலை ஆடியது. யெல்ட்யேயின் தலையும் ஆடியது. ஹார்மென் அதைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

“சரி” என்றான் மெதுவாக. “அப்ப காலே வேண்டாம். புதுத் தொட்டி, புதுத் தண்ணி, அதே உப்பு. யாரும் தொட வேண்டாம். ஸ்விட்சை மட்டும் போடுங்க.”

“ஆளில்லாமல் ஓட்டினால் கருவி கெட்டுவிடும்!” மாஸ்டர் பாய்ந்து வந்து ஒயரைப் பிடித்தார்.

யெல்ட்யே எழுந்து நின்றாள். “அது கெட்டா நான் வாங்கித் தரேன், மாஸ்டர். என் தம்பி கெட்டா நீங்க வாங்கித் தருவீங்களா?” முன்னால் நடந்து போய், அவளே தண்ணீர் மாற்றி, அவளே உப்புப் போட்டு, அவளே ஸ்விட்சைத் தட்டினாள்.

எல்லோரும் காத்திருந்தார்கள். யார் காலும் படாத தண்ணீர் டீ ஆனது. டீ காப்பி ஆனது. காப்பி, மாஸ்டர் சொன்ன அந்த நரகமே ஆனது.

“மேயரம்மா,” என்றான் ஹார்மென், “நம்ம நகராட்சிக் குடிதண்ணிக்கு முத்தின ஹெராயின் பழக்கம். சீக்கிரம் வைத்தியத்துக்குச் சேருங்க.”

வில்லெமீன் அம்மா விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். “அடக் கடவுளே, இது துரு! வருஷா வருஷம் என் படகுக்கு அடியில இதைத்தானே சுரண்டறேன்! உப்புத் தண்ணியில கரண்டு பாய்ஞ்சா இரும்பு இப்படித்தான் கரையும்!”

இங்கேதான் நான் தலையில் அடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வீடு இரும்புப் படகு வைத்திருக்கிற ஊர். துருவைச் சுரண்டியே முதுகு கூனிய ஜனங்கள். படகுக்கு அடியில் இருந்தால் சனியன் என்று திட்டுவார்கள். அதையே தொட்டியில் போட்டுக் காட்டினால் காசு கொடுத்துக் கும்பிடுவார்கள்!

மாஸ்டர் பின்பக்கமாக நழுவினார். வாசலில் நின்ற போலீஸ்காரர் வழிவிடவில்லை. அவரும் போன வாரம் அந்தத் தொட்டியில் கால் வைத்தவர், கோபம் இருக்காதா?

திங்கட்கிழமை காலை யெல்ட்யே தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு நடந்தாள். அவன் மருந்தைக் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

“நான் இவ்வளவு முட்டாளாடா?”

“முட்டாள் இல்லேக்கா. பயந்திருந்தே. நானும் சரக்கு வாங்கினப்பல்லாம் பயந்துதான் இருந்தேன்.”

கடைக்கு உரிமம் கொடுப்பதா என்று நகரசபை இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறது. இப்போது யாரிடம் வாங்குகிறார்கள், எந்த வயதில் ஆரம்பிக்கிறார்கள், விட நினைப்பவனுக்கு மருந்து எங்கே என்றெல்லாம் கேட்கிறார்கள். டேக்கெமா தோற்கலாம், ரூலோஃப் தோற்கலாம், கேள்வியாவது ஜெயித்தது. கஞ்சா மூளையை மழுங்கடிக்குமா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு துளிகூட உள்ளே போகாமல் ஓர் ஊரின் மூளை முழுக்க மழுங்கியதை நேரில் கண்டவன் நான். கஞ்சா விற்கத்தான் உரிமம் வேண்டும். யோசிக்க எந்த நாட்டிலும் உரிமம் தேவையில்லை. ஒருமுறை முயன்று பாருங்கள், பழக்கமாகிவிட்டாலும் பாதகமில்லை.