அருணா என்ன பாட்டு கேட்கிறாள்

கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் லட்சுமணன் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டான். புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்குகிற சனம் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. யாரோ முக்கியமானவர் பேசுகிறார் போல என்று பொறுத்துக்கொண்டார்கள். போனில் யாரும் பேசவில்லை. ஒருவன் அழுதுகொண்டே பாடினான்.

"இன்னாப்பா, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று முன் சீட்டில் இருந்த காந்தா கேட்டாள். அவன் முகம் அப்படி இருந்தது.

"ஒண்ணும் இல்லக்கா. எம்பொண்ணு கேக்கற பாட்டு."

எல்லாம் பள்ளிக்கூடத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தால் வந்தது. பேச வந்தவர், "பிள்ளைங்க மனசுல இருக்கறத வாய்விட்டுச் சொல்லாது. என்ன பாட்டு கேக்குதுன்னு கவனிங்க, தெரிஞ்சிடும்" என்றார். மற்ற அப்பாக்கள் டீ எப்போது வரும் என்று கவனித்துக்கொண்டிருந்தார்கள். லட்சுமணன் மட்டும் அதை மனசில் வாங்கிக்கொண்டான். பதினொன்றாவது படிக்கிற ஒரே பெண் அருணா. அவளிடம் இருப்பது அவனுடைய பழைய போன்தான்.

செல்போன் கடைக்காரர் சக்கரவர்த்தி வழி சொன்னார். "ரெண்டு போன்லயும் ஒரே கணக்குதான் போட்டு வுட்டுக்கீறேன். அங்க ஓடற பாட்டு உன் போன்லயும் தெரியும்."

திறந்து பார்த்தான். காதலி கைவிட்டுப் போனதைப் பற்றிய ஒரு பாட்டு எடுத்த எடுப்பிலேயே வந்து நின்றது. முழுசாகப் புரிந்துகொள்ள வேண்டுமே என்று திரும்பத் திரும்பக் கேட்டான். மறுநாள் அதே மாதிரி இன்னும் நிறையப் பாட்டு வந்து நின்றது. அதையெல்லாம் கேட்டான். அதற்கடுத்த நாள் வந்த பாட்டுகளில் பாடுகிற ஆள் விஷத்தைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டான்.

வீட்டில் அருணாவும் சரியாக இல்லை. சாமைச் சோற்றைக் கிளறிக்கொண்டு அப்பாவையே பார்த்தாள்.

"இன்னாம்மா, டல்லா கீற?"

"நீ ஏம்பா டல்லா கீற?"

கேள்வியைத் திருப்பிவிடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள் என்று லட்சுமணன் நினைத்துக்கொண்டான். மனைவி மாதம்மாளிடம் சொல்ல முடியாது. அவள் கரண்டியோடு விசாரிக்கிறவள்.

மறுபடி சக்கரவர்த்தியிடம் போனான். "சந்தோசமான பாட்டா நீ போட்டு வுடு. உம்பொண்ணு போனுக்கும் அதே போவும். மனசு மாறிடும்" என்றார் அவர்.

அன்றைக்கு மலையேறி இறங்கிய அத்தனை தடவையும் ஜீப்பில் கல்யாணப் பாட்டுதான். முதல் காதல், மாலை மாற்றல், முதலிரவு என்று எதையும் விடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அருணா அம்மாவைக் கட்டிக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்துலருந்து வந்ததும் என்னப் புடிச்சிக்கினு அழுவுது. கேட்டா சொல்லமாட்டேங்குது" என்றாள் மாதம்மாள்.

சாப்பிடும்போது அருணா தலை நிமிராமல் கேட்டாள். "அப்பா, வூட்ட வுட்டுட்டுப் போறவங்க, அப்புறம் மனசு மாறி திரும்பி வருவாங்களா?"

லட்சுமணன் தட்டைத் தள்ளி வைத்தான். ஓடிப்போக முடிவே பண்ணிவிட்டாள். இந்த நேரத்தில் கத்தினால் காரியம் கெட்டுவிடும். தன்னால் முடிந்த அளவு பெருந்தன்மையைத் திரட்டிக்கொண்டான்.

"மனசுக்குப் புடிச்சவங்களோட வாழணும்னு நெனைக்கறது ஒண்ணும் தப்பு இல்லம்மா. வூட்டுல கீறவங்கதான் புரிஞ்சிக்கணும்."

அருணா பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டாள்.

சனிக்கிழமை, "நானும் ஜீப்புல வர்றேன்" என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். வழக்கமாக அங்கே உட்காரும் காந்தாவிடம், "பின்னால ஒக்காருங்க" என்றாள். பூ வைத்துக்கொண்டு யார் ஏறினாலும் முறைத்தாள். பையன் வழியில் எங்கோ நிற்பான், அவனைப் பார்க்கத்தான் முன் சீட்டு என்று லட்சுமணன் கணக்குப் போட்டான். எதிரே பைக்கில் வந்த பையன்களையெல்லாம் இவன் முறைத்தான். அப்பனும் பெண்ணும் திருப்பத்தூர் வரை ஊரையே முறைத்துக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை வகுப்பு டீச்சர் கோகிலவாணி போன் செய்தார். "அருணா விஷயமாப் பேசணும். வீட்டம்மா வேணாம், நீங்க மட்டும் வாங்க."

லட்சுமணன் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். யாராக இருந்தாலும் சரி, படிப்பு முடியட்டும், கட்டிக்கொடுத்துவிடலாம் என்று வழியெல்லாம் மனசைத் தேற்றிக்கொண்டான். வகுப்புக்கு வெளியே அருணா கண் சிவந்து நின்றாள். அவனுடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் உதடு பிதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே போனதும், டீச்சர் வாய் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்தான்.

"எனக்கு எல்லாம் தெரியும் டீச்சர். போன்ல ஓடற பாட்ட வெச்சே கண்டுபுடிச்சிட்டேன். வூட்ல இன்னும் சொல்லல. ஆளு யாருன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும், பேசி முடிச்சிடலாம்."

கோகிலவாணி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்க பொண்ணும் உங்க பாட்ட வெச்சுதாங்க கண்டுபுடிச்சிது. அம்மாவுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம தினம் என்கிட்ட வந்து அழுவுது. சொல்லுங்க, யாரு அந்தப் பொம்பள?"